எழுத்துப்பிழை களைதலும் ஒரு தொண்டே

சென்ற பருவத்தில் ஒருநாள் மாலை, நம் கல்லூரிக் கணினிக் கூடத்தின் தாழ்வாரத்தில் மாணவர் இருவர் உரையாடிக்கொண்டிருந்தனர். ஒருவர், தாம் ஒரு திறவூற்று மென்பொருளின் கையேட்டிலிருந்த பிழையொன்றைத் திருத்தி அனுப்பியதாகவும், அம்மென்பொருளைப் பேணுவோர் அதனை ஏற்றுக்கொண்டதாகவும் மகிழ்ச்சியுடன் கூறினார். மற்றவர் நகைத்து, "என்னப்பா, ஓர் எழுத்தைத் திருத்தியதற்கா இத்துணைப் பெருமிதம்? நிரல் ஒன்று எழுதியிருந்தாலன்றோ பேசத் தகும்!" என்றார். முன்னவர் முகம் வாடியது. அவ்வழியே சென்ற என் செவியில் இச்சொற்கள் வீழ்ந்தன; வீழ்ந்தவை உள்ளத்தைவிட்டு எளிதில் அகலவில்லை. அந்நகைப்பு நேரியதோ அன்றோ என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், கணினிக் கலை பயிலாத அன்பர்க்காகச் சில சொல்லுதல் வேண்டும். மென்பொருள் ஒன்றின் மூல நிரலை எவரும் படிக்கவும், பயன்படுத்தவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை அளிக்கப்படுமாயின், அதனைத் திறவூற்று மென்பொருள் என்பர். 1983-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் குனு என்னும் பெருந்திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவை வெளியிட்டார். இவ்விரண்டின் வழிவந்தனவும், இவற்றைப் போன்றனவுமாகிய எண்ணிறந்த மென்பொருள்கள் இன்று உலகெங்கும் இயங்குகின்றன. நாம் கையில் ஏந்தும் ஆண்டிராய்டு கைப்பேசியின் அடித்தளமும் லினக்ஸ் கருவே. இவற்றுட் சிலவற்றை ஊதியம் பெறுவோர் பேணுகின்றனர்; பலவற்றைப் பகலில் வேறு தொழில் செய்து, இரவில் ஓய்வை ஒறுத்துப் பணிசெய்யும் சிலரே தாங்குகின்றனர்.

இத்தகைய மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் கையேடு உண்டு. எவ்வாறு நிறுவுவது, எக்கட்டளையை எவ்விடத்தில் இடுவது, பிழை நேர்ந்தால் யாது செய்வது என்பனவற்றை அது உரைக்கும். மருந்து எத்துணைச் சிறந்ததாயினும், உண்ணும் அளவைக் குறித்த சீட்டில் ஓர் எண் மாறினால் நேரும் விளைவு யாவரும் அறிந்ததே. மென்பொருளுக்கு அதன் கையேடு அத்தகைய சீட்டாகும். ஆயினும் நிரல் எழுதுவதில் உள்ள ஆர்வம் கையேடு எழுதுவதில் பலர்க்கு இருப்பதில்லை. எழுதியவர் மீண்டும் அதனைப் படிப்பதுமில்லை. அவர்க்குத்தான் அனைத்தும் தெரியுமே!

இனி, நகைக்கப்பட்ட அம்மாணவர் திருத்திய பிழை இன்னதென்பதை யான் பின்னர் அவரிடமே கேட்டறிந்தேன். அவர் சிற்றூர்ப் பள்ளியொன்றில் தமிழ் வாயிலாகப் பயின்று நம் கல்லூரிக்கு வந்தவர். பாடத்தின் பொருட்டு ஒரு மென்பொருளை நிறுவ வேண்டியிருந்தது. கையேட்டில் இருந்த கட்டளையைப் படியெடுத்து அவ்வாறே இட்டார். கணினி அதனை அறியேன் என்று மறுத்தது. மீண்டும் இட்டார், மீண்டும் மறுத்தது. மூன்று மாலைகள் இங்ஙனம் கழிந்தன. தம் ஆங்கில அறிவே குறையுடையதென்றும், தமக்கு இக்கலை வாராதென்றும் எண்ணி, பாடத்தையே மாற்றிக்கொள்ளலாமா என்று வீட்டிற்குக் கடிதம் எழுதும் அளவிற்கு அவர் மனம் தளர்ந்துவிட்டதாம்.

உண்மையிற் குறை அவரிடம் இல்லை. அக்கட்டளையில் ஒரு சொல்லின் முன் இரண்டு சிறு கோடுகள் அடுத்தடுத்து வரவேண்டும். கையேட்டிலோ அவ்விரண்டும் சேர்ந்து ஒரே நெடுங்கோடாகக் காட்சியளித்தன. மனிதக் கண்ணிற்கு அவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கோ முற்றிலும் வேறான குறிகள். நான்காம் நாள் ஒரு மூத்த மாணவர் அருகிலிருந்து உற்றுநோக்கி இதனைக் கண்டுபிடித்தார்.

இதில் வியத்தகும் செய்தியொன்று உண்டு. பிழையைத் திருத்தப் புகுந்த நம் மாணவர் கையேட்டின் மூலத்தைத் திறந்து பார்த்தபோது, அங்கு இரண்டு கோடுகளும் செவ்வனே இருந்தன! மூலத்தை வாசகர் காணும் பக்கமாக மாற்றும் கருவி, உரைநடைக்கு அழகு செய்வதாகக் கருதி, இரு சிறு கோடுகளை ஒரு நெடுங்கோடாக்கி விட்டது. அப்பகுதி உரைநடை அன்று, கட்டளை என்பதைக் குறிக்கும் அடையாளத்தை எழுதியவர் இடாது விட்டதே பிழையின் வேர். அவ்வடையாளத்தை இட்டதும் கோடுகள் தம் நிலைக்கு மீண்டன. ஆகவே அவர் செய்தது ஓர் எழுத்தை மாற்றியதன்று. அப்பிழை எவ்வாறு பிறந்தது என்பதை அறிந்து, அது பிறந்த இடத்திலேயே அதனைக் களைந்தார். இதற்காக அவர் அம்மென்பொருளின் கையேடு எழுதப்படும் முறை, திருத்தங்களை அனுப்பும் முறை, அவை ஆராயப்படும் முறை ஆகிய மூன்றையும் கற்றார். இதனை அற்பம் என்பதெங்ஙனம்?

இவ்விடத்து யாம் சிந்திக்க வேண்டுவது ஒன்றுண்டு. கையேட்டின் பிழையால் துன்புறுவோர் யாவர்? வல்லுநர் அல்லர். அவர் அக்கட்டளையைப் பன்முறை இட்டுப் பழகியவர். பிழையுள்ள வரியையும் தம் மனத்திலுள்ள சரியான வடிவிலேயே படித்துச் செல்வர். புதிதாக வருபவனே இடறி விழுகிறான். விழுந்தவன் பாதையைக் குறை கூறுவதில்லை. தன் காலையே குறை கூறுகிறான். அச்சிட்டது பிழையாயிராது, நானே பிழைபட்டேன் என்று கருதுவது எளியோர் இயல்பு. உதவி கேட்க ஆளில்லாதவனுக்கும், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவனுக்கும், மறுத்துக் கேட்கத் துணிவில்லாதவனுக்கும் அப்பிழை ஒரு மதிற்சுவர் ஆகிறது. ஆகவே எழுத்துப்பிழை களைவது அழகுபடுத்தும் வேலை மட்டுமன்று; பின்வருவோர் இடறாதபடி வழியிற் கிடக்கும் கல்லை அகற்றுவதாகும். அக்கல்லைக் காணும் கண்ணும் புதியவனுக்கே உண்டு. அவனும் ஓராண்டு பழகிவிட்டால் அதனைக் காணமாட்டான். தேர்ச்சி பெற்றபின் தொண்டு செய்வேன் என்று காத்திருப்போர் இதனை நினைவிற் கொள்வாராக.

சிறு பிழையைத் தொடக்கத்திலேயே களையாவிடின் அஃது எத்துணை நாள் நிலைக்கும் என்பதற்குக் கணினி உலகிலேயே புகழ்பெற்ற சான்றுகள் உள. இணையத்தில் ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்குச் செல்லும்போது, எப்பக்கத்திலிருந்து வந்தோம் என்பதைத் தெரிவிக்கும் தலைப்புக்குறி ஒன்றுண்டு. ரெஃபரர் என்னும் அவ்வாங்கிலச் சொல்லின் நடுவே ‘ஆர்’ என்னும் எழுத்து இரட்டித்து வரவேண்டும். 1996-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.0 விதித்தொகுப்பில் அது ஒற்றை எழுத்தாகவே பதிந்துவிட்டது. அதற்குள் பல மென்பொருள்கள் அப்பிழை வடிவையே கைக்கொண்டமையால், திருத்தினால் அனைத்தும் குலையும் என்ற நிலை உண்டாயிற்று. இன்றளவும் உலகின் ஒவ்வோர் உலாவியும் அப்பிழையையே எழுதி அனுப்புகின்றது. பிற்காலத்தில் தோன்றிய, அதனோடு தொடர்புடைய மற்றொரு தலைப்புக்குறியோ சரியான எழுத்துகளுடன் வழங்குகின்றது. நிரல் எழுதுவோர் எவ்விடத்தில் ஓர் எழுத்து, எவ்விடத்தில் ஈரெழுத்து என இரண்டையும் மனத்திற் கொள்ளவேண்டியுள்ளது. இளமையில் ஒடித்திருக்கக் கூடிய முள், மரமாகி நிற்பது காண்க!

யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் புதுக்கோப்பு ஒன்றைப் படைக்கும் கட்டளையின் பெயரில் இறுதி எழுத்தொன்று விடப்பட்டிருக்கும். அத்தளத்தை ஆக்கியோருள் ஒருவராகிய கென் தாம்ப்சன், மீண்டும் அதனை ஆக்க நேரின் எதனை மாற்றுவீர் என்று வினவப்பட்டபோது, அவ்வெழுத்தைச் சேர்ப்பேன் என விடையிறுத்தார் என்பர். நகைச்சுவையாகவே சொல்லியிருப்பினும், அதனுள் ஓர் உண்மை உறைந்துள்ளதன்றோ?

"பெரியோர் இத்தகைய சிறு திருத்தங்களை மதிப்பரோ?" என வினவலாம். மதித்தனர் என்பதற்கு டொனால்ட் குனுத் என்னும் பேராசிரியரே சான்று. கணினி நிரற்கலை பற்றி 1968-ஆம் ஆண்டு முதல் அவர் வெளியிட்டு வரும் பெருநூலில் பிழை கண்டுபிடித்து முதலில் தெரிவிப்போர்க்கு 2 டாலர் 56 சென்ட் பரிசளிப்பதாக அவர் அறிவித்தார். 256 என்பது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் நூறு ஆகும். ஆகவே அதனை ‘ஒரு பதினாறடி டாலர்’ என்று அவர் விளையாட்டாகக் கூறுவர். அச்சுப்பிழைக்கும் அப்பரிசு உண்டு. அவர் கையொப்பமிட்டு அனுப்பிய காசோலைகளைப் பலர் வங்கியிற் கொடுத்துப் பணமாக்காமல், கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி வைத்தனர். தம் நூலிற் பிழை காட்டியவரைப் பகைவராகக் கருதாது, துணைவராகக் கொண்ட அப்பெருந்தகைமை நாம் போற்றத்தக்கது.

லினக்ஸ் கருவைப் பேணுவோரும் கையேடுகளில் வரும் எழுத்துப்பிழைத் திருத்தங்களை நெடுங்காலம் ஒரு தனிவகையாகக் கொண்டு, அவற்றை அனுப்பத் தனிவழியே வகுத்திருந்தனர். தேடுகருவிக்கு அகப்படாதபடி செய்யும் எழுத்துப்பிழைகளும் அவ்வகையில் அடங்கின. இது நுட்பமான கருத்து. ஒரு சொல் பிழையாக எழுதப்பட்டிருப்பின், அதனைச் சரியாக எழுதித் தேடுபவனுக்கு அவ்வரி கிட்டாது. இருந்தும் இல்லாததாய் அச்செய்தி மறைந்து கிடக்கும். அடிக்கடி நேரும் பிழைகளையும் அவற்றின் திருத்தங்களையும் இணையிணையாகத் தொகுத்த பட்டியலொன்றையும் அவர்கள் மூல நிரலோடு வைத்துள்ளனர்.

இதுகாறும் ஒரு புறத்தையே உரைத்தேன். மறுபுறத்தையும் மறைத்தல் நேர்மையன்று. 2014-ஆம் ஆண்டு முதல் டிஜிட்டல் ஓஷன் என்னும் நிறுவனம் அக்டோபர் மாதந்தோறும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்னும் விழாவை நடத்தத் தொடங்கிற்று. திறவூற்று மென்பொருள்களுக்குக் குறித்த எண்ணிக்கையில் திருத்தங்கள் அனுப்பியோர்க்கு ஒரு மேற்சட்டை பரிசாகக் கிடைத்தது. நோக்கம் நன்றே. ஆயினும் 2020-ஆம் ஆண்டில் அச்சட்டையின் பொருட்டுப் பயனற்ற திருத்தங்கள் வெள்ளமெனப் புறப்பட்டன. கையேட்டின் தலைப்பில் ‘அருமையான’ என்றொரு சொல்லைச் சேர்ப்பதும், ஓரிடத்தில் ஒரு வெற்றிடத்தை நீக்குவதும் திருத்தமெனப்பட்டன. நம் நாட்டு மாணவர் பலரும் இதற்கு விலக்கல்லர் என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஊதியமின்றி உழைக்கும் பேணுநர்கள் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து மறுத்துக் களைத்தனர். அம்மாதத் தொடக்கத்திலேயே நிறுவனத்தார் விதியை மாற்றி, விரும்பி இசைந்த மென்பொருள்கள் மட்டுமே விழாவில் சேர்க்கப்படும் என்று அறிவிக்க நேர்ந்தது.

ஆகவே சிறு திருத்தம் யாவும் தொண்டு என்பது என் கருத்தன்று. தாழ்வாரத்தில் நகைத்த மாணவர் இத்தகைய போலிகளை மனத்திற்கொண்டு நகைத்திருப்பாராயின், அவரை முற்றும் குறைகூறேன். தொண்டையும் போலியையும் பிரிப்பது திருத்தத்தின் அளவன்று. திருத்தத்தால் படிப்பவனுக்கு வழி தெளிந்ததா என்பதே. தன் பெயர் பட்டியலில் ஏறவேண்டும் என்று தொடங்குபவன் பிழையைத் தேடி அலைகிறான். கையேட்டைப் பயன்படுத்தத் தொடங்குபவனைப் பிழையே வந்து தடுக்கிறது. முன்னவன் பிறர் காலத்தை வாங்குகிறான். பின்னவன் பிறர்க்குக் காலத்தை ஈகிறான்.

"இவற்றையெல்லாம் இயந்திரமே திருத்திவிடுமே, மனிதன் எதற்கு?" என்பார் உளர். எழுத்துப்பிழை காணும் கருவிகள் பல உள்ளன. அவற்றைப் பயன்படுத்துதலும் நன்றே. ஆனால் அகராதியில் இல்லாத சொல்லைக் காட்டுவது போல், இருக்கவேண்டிய சொல் இல்லாமையை அவை எளிதிற் காட்டமாட்டா. 1631-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் அரச அச்சகத்தார் இருவர் வெளியிட்ட ஆங்கிலத் திருமறைப் பதிப்பில், பத்துக் கட்டளைகளுள் விபசாரத்தை விலக்கும் கட்டளையில் ‘வேண்டா’ எனப் பொருள்படும் ஒரு சிறு சொல் விடுபட்டது. விலக்கு விதியாயிற்று! அச்சிட்டோர்க்கு 300 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. அவ்வரியில் எழுத்துப்பிழை யாதொன்றுமில்லை. எழுத்தாராயும் கருவி அதனைப் பிழையற்றதென்றே கூறியிருக்கும். இக்காலத்தில் மொழியைக் கையாளும் புதிய கணினி முறைகள் இன்னும் ஆழ்ந்து நோக்கவல்லன என்பது மெய்யே. எனினும் அவை காட்டும் திருத்தம் மெய்யோ என, அக்கட்டளையை இட்டுப் பார்த்து உறுதி செய்பவர் ஒருவர் வேண்டும். அங்ஙனம் சோதியாது, இயந்திரம் தந்ததை அப்படியே அனுப்புதல் முற்கூறிய போலித் தொண்டின் மறுபிறவியே.

இத்தொண்டிற் புக விரும்பும் மாணவத் தோழர்க்கு என் சிற்றறிவிற்கு எட்டிய சில கூறுவேன். பிழையெனத் தோன்றியதை முதலில் ஐயுறுக. வண்ணம் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லைப் பிரிட்டானியர் ஒருவாறும் அமெரிக்கர் ஒருவாறும் எழுதுவர். ஒன்றை மற்றொன்றாக்குவது திருத்தமன்று. மேற்கூறிய தலைப்புக்குறியைப் போன்று, பிழையே பெயராக நிலைத்துவிட்டவற்றைக் கையேட்டில் திருத்தப் புகின், சரியாக இருந்த கையேடு பிழையுடையதாகும். அடுத்து, ஒரு பக்கத்திற் பிழை கண்டால் அப்பகுதி முழுவதையும் படித்து, ஒத்த பிழைகளை ஒருங்கே திருத்தி ஒரே முறை அனுப்புக. ஒவ்வோர் எழுத்திற்கும் ஒவ்வோர் ஓலை விடுத்தல் பெறுவோர்க்குச் சுமையாகும். நீங்கள் காணும் பக்கம் வேறொன்றிலிருந்து தானே உருவாவதாயின், அதன் மூலத்தைத் தேடித் திருத்துக. வேறெவரேனும் அதனை முன்னரே திருத்தியுள்ளனரோ என்று பார்க்க. யாது மாற்றினீர், ஏன் மாற்றினீர் என இரண்டொரு வரியில் பணிவுடன் எழுதுக. ஏற்காவிடின் சினவற்க, ஏற்பின் செருக்கற்க.

நம் முன்னோரும் இப்பணியின் அருமையை உணர்ந்தவரே. ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்தோர் கைப்பிழையால் பாடங்கள் திரிந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன், பல பிரதிகளைத் திரட்டி, ஒப்புநோக்கி, எழுத்தெழுத்தாக ஆராய்ந்தார். அவர் ஒரு காப்பியம் இயற்றினாரல்லர். ஆயினும் அவர் உழைப்பின்றி அக்காப்பியம் நம் கைக்கு அவ்வடிவில் எட்டியிராது. பிழை களைவோர் ஆக்கியோருக்குத் தாழ்ந்தவர் என்னும் எண்ணம் தமிழ் கற்ற நமக்குப் பொருந்துமோ?

நம் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. கணினித்துறையில் முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும், தாம் பயன்படுத்தும் மென்பொருளின் கையேட்டைப் படிக்கும்போது தமக்கு விளங்காத இடங்களையும் தம்மை இடறச்செய்த இடங்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பாராக. திங்களுக்கு ஒருமுறை மூத்த மாணவர் அவர்களுடன் அமர்ந்து, குறை படிப்பவரிடமோ கையேட்டிடமோ என ஆராய்வாராக. கையேட்டிடம் எனக் கண்டவற்றை மட்டும் திருத்தி அனுப்பலாம். இதற்கு மதிப்பெண் வேண்டா, சான்றிதழும் வேண்டா. அவை புகுந்த இடத்தில் போலியும் புகும் என்பதை மேலே கண்டோம்.

2005-ஆம் ஆண்டில் தோன்றிய கிட் என்னும் கருவி, மாற்றம் ஒவ்வொன்றையும் செய்தவர் பெயருடனும் நாளுடனும் பதிந்து வைக்கின்றது. பெருநிரல் எழுதிய வல்லுநர் பெயரும், இரு கோடுகளை மீட்டுத் தந்த நம் மாணவர் பெயரும் அவ்வேட்டில் ஒருங்கே நிற்கின்றன. ஆனால் அவர் பெற்ற பயன் அதுவன்று. அடுத்த ஆண்டு எங்கோ ஒரு சிற்றூரிலிருந்து வரும் ஒருவன் அக்கையேட்டைத் திறப்பான், கட்டளையை இடுவான், அது முதன்முறையிலேயே இயங்கும். அங்கு ஒரு பிழை இருந்ததென்பதே அவனுக்குத் தெரியாது. மூன்று மாலைகளும் ஒரு கடிதமும் அவனுக்கு மிஞ்சும். அம்மாணவரைக் கண்டு நகைத்த நண்பர் இதனைப் படிப்பாராயின், மறுமுறை அவரைக் காணுங்கால், "நன்று செய்தாய்" என ஒரு சொல் கூறுவாராக.